சி.ஐ.டி. பிடித்த திருடன்

ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கும் அவருக்கு 'சி.ஐ.டி.' என்று பெயர் வைத்தது அவர் மனைவிதான். பால் பொங்கி வழிந்தால் அடுப்பை அணைக்க மாட்டார்; பற்ற வைத்தது யார் என்று விசாரிப்பார். தப்பு செய்ய மனுஷனுக்குத்தான் தெரியும், மெஷினுக்குத் தெரியாது என்பது அவர் கட்சி.

சர்வரில் யார் எந்தக் கோப்பைத் தொட்டார்கள் என்று பதியும் தணிக்கை விதியையும் அந்தக் கட்சிப்படியே போட்டிருந்தார். பாஸ்வேர்டு போட்டு நுழைகிறவர்களை மட்டும் பதி. பின்னணியில் தானாக ஓடும் சர்வீஸ்களை விட்டுவிடு. "அதுங்க ஓயாம எதையாவது பண்ணிட்டே இருக்கும். எழுதினா டிஸ்க்தான் ரொம்பும்" என்பார்.

இந்த லட்சணத்தில், நோயாளிகளின் பழைய ஸ்கேன் படங்கள் காணாமல் போக ஆரம்பித்தன. பதிவைப் புரட்டினால் ஒரே பெயர்: தினமும் அந்தப் படங்களைத் திறந்து பார்க்கும் ரெக்கார்டு அக்கா. அவளுடைய வேலையே அதுதானே! மேனேஜர் வெள்ளிக்கிழமைக்குள் ராஜினாமா கடிதம் கேட்டார். அவள் வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

வியாழக்கிழமை சி.ஐ.டி.யின் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"சார், நான் லீவுல இருந்த மூணு நாளும் படம் போயிருக்கு. அப்ப அழிச்சது யாரு?"

"பதிவுல யாருமே இல்லையேக்கா."

"யாருமே இல்லாம எப்படி சார் போகும்?"

அவருக்குச் சுருக்கென்றது. அன்றே விதியைத் திருத்தினார்: படங்கள் இருக்கும் போல்டரில் எது அழிந்தாலும், அழிப்பது ஆளோ சர்வீஸோ, பதி.

மறுநாள் காலை திருடன் அகப்பட்டான். முப்பது நாள் பழசான தற்காலிகக் கோப்புகளைத் துடைத்தெறியும் ஒரு சர்வீஸ். அதை எழுதியவர் அவரே. டிஸ்க் நிறைந்த ஒரு நாளில், "ரெண்டே நாளைக்கு" என்று ஸ்கேன் படங்களைத் தற்காலிக போல்டருக்கு மாற்றி வைத்து, அடியோடு மறந்தவரும் அவரே.

வெட்கம் பிடுங்கித் தின்றது. மூடி மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. அந்த மட்டில் மனுஷன் நல்லவர். அக்காவையும் கூட்டிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

"அப்பாடா, டெக்னிக்கல் பிராப்ளம்தானா!" மேனேஜர் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இதெல்லாம் சகஜம் சார். கண்டுபிடிச்சீங்களே, கெட்டிக்காரர்!"

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான்னு நினைச்சப்ப திருட்டு. சார்னு தெரிஞ்சதும் டெக்னிக்கல் பிராப்ளமா?"

அவள் கைப்பையிலிருந்து ராஜினாமா கடிதத்தை எடுத்து, கிழிக்காமல், மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.