சான்று கேட்கத் தயங்கிய சுலைமான் ராவுத்தர்

1. ஆனிக் கடைசி: குற்றாலத்தில் சுலைமான் ராவுத்தர் வீட்டு அடுப்படியில் எரிவாயு வாடை வருவதாகத் தென்காசி எரிவாயு முகவரிடம் அவரும் நானும் நேரில் தெரிவித்தோம். சான்று பெற்ற மெக்கானிக்கை அனுப்புவதாக அவர் வாக்களித்தார்.

2. ஆடி முதல் வாரம்: அவர் அனுப்பியவர் பெட்ரோமாக்ஸ் விளக்குகளைப் பழுது பார்ப்பவர். எரிவாயு வேலையில் அவருக்குப் பயிற்சி இல்லை. இது முகவருக்குத் தெரியும்.

3. ஆடி மூன்றாம் வாரம்: ராவுத்தர் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாக அவர் மகன் நான் பாடம் நடத்தும் கல்லூரிக்கு வந்து சொன்னார். வகுப்பைப் பாதியில் விட்டுப் புறப்பட்டேன்.

ராவுத்தரை அறிந்தவர்களுக்கு மேற்கொண்டு எழுதுகிறேன்.

சாரல் தொடங்கியதும் தென்காசித் துணிக்கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுக் குற்றாலம் வீட்டுக்கு வந்துவிடுவார். ஐந்தருவியில் குளித்துவிட்டு நாங்கள் போய் நிற்கும்போது இலை போட்டிருக்கும். ஈர விறகின் புகையில் மனைவியின் கண்கள் கலங்குவதைப் பொறுக்காமல்தான் அந்த எரிவாயு அடுப்பை வாங்கினார். முதல் நாள் நீலச் சுடரைக் காட்டி, "பாத்தியளா அண்ணாச்சி, பொகையே இல்ல. இனி இவ அழுதான்னா நாந்தான் காரணம்னு ஊருக்கே தெரிஞ்சிரும்" என்றார். "இப்பவும் தெரியாமலா கெடக்கு?" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

விளக்குப் பழுது பார்ப்பவர் வந்தபோது நானும் அங்கிருந்தேன். சான்று இருக்கிறதா என்று கேட்கும்படி ராவுத்தரிடம் சொன்னேன். அவர் என்னைத் தனியே அழைத்துப் போனார்.

"வீடு தேடி வந்த ஆளப் போயி, ஒனக்கு வேல தெரியுமான்னு கேக்கச் சொல்லுதீயளே. அவன் மொகம் வாடிராதா? மொதல்ல சாப்பிடட்டும்."

அவரே பரிமாறினார். பிற்பகல் வகுப்புக்காக நான் கிளம்பிவிட்டேன். பிறகு நடந்ததை ராவுத்தரின் மனைவி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். கசிவு எங்கே என்று பார்க்க அந்த மனிதர் தீக்குச்சியைக் கிழித்தாராம். பயின்றவர் சோப்பு நுரையைத் தடவிப் பார்ப்பார். நெருப்பைக் கொண்டு தேடமாட்டார். தீ பரவியதும் ராவுத்தர் அவரை வெளியே தள்ளிவிட்டார். தாம் வருவதற்குள் உடையில் பற்றிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அவன் பேர எங்கனயும் சொல்லிராதீய. தெரியாத வேலைக்கு அனுப்பிவிட்டா அவன் என்ன செய்வான்?"

ஆகவே அந்தப் பெயரை நான் எழுதவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வாக்கும், வந்தவரை உபசரிக்கும் வழக்கமும்தான். எரிவாயு அடுப்புள்ள வீட்டார் அனைவருக்கும் சொல்கிறேன்: சான்றைக் கேட்பது அவமதிப்பு அன்று. என் வீட்டில் முதலில் சான்றைப் பார்க்கிறேன். பிறகு காபி கொடுக்கிறேன். இதுவரை எவர் முகமும் வாடவில்லை.

முகவரே, அன்று பயிற்சியற்றவரை ஏன் அனுப்பினீர்கள், இனி யாரை அனுப்புவீர்கள் என்பதற்கு அவருக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுவதற்குள் எழுத்து மூலமான பதில் வேண்டும். அதைத் தபாலில் அனுப்ப வேண்டாம். குற்றாலம் வீட்டுக்குப் போய் ராவுத்தரின் மகன் கையில் நேரில் கொடுங்கள். உங்களையும் அவர்கள் சாப்பிடாமல் அனுப்பமாட்டார்கள்.