ஷெத்லியின் இரண்டாவது கழுதை

நூலை மறுபடியும் பல்லால் கடிக்கிறான். கத்தரிக்கோல் மடியிலேயே கிடக்கிறது. நான் வாங்கிக் கொடுத்தது, நல்ல இரும்பு. இருந்தாலும் என் தம்பி ஷெத்லிக்குப் பல்தான் வாகு. கடித்த நுனியை ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு, ஊசியை ஸ்டியரிங்கின் பஞ்சு உறையில் குத்தி வைக்கிறான். அந்த உறையில் எந்நேரமும் ஏழெட்டு ஊசிகள் நிற்கும். வண்டியை எடுக்கும்முன் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தன் சட்டைக் காலரில் செருகிக்கொள்வான். காலரில் ஊசி மின்ன வண்டி ஓட்டும் ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் ஊர் க்ஸார் ஹெலாலுக்கு வாருங்கள்.

வயது நாற்பத்து மூன்று. மீசை உண்டு, தொப்பை உண்டு, மழலையர் பள்ளி வேன் ஓட்டும் வேலை உண்டு. காலை எட்டரைக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பன்னிரண்டு வரை வண்டிக்கு வேலையில்லை. மற்ற ஓட்டுநர்கள் எதிரே உள்ள காபிக் கடையில் சீட்டாடுவார்கள். அதுதான் ஆண்பிள்ளைக்கு அழகு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவன் வண்டிக்குள் உட்கார்ந்து கோழி தைக்கிறான். கோழி, காகம், கிணறு, நிலா, தொப்பி வைத்த தவளை. ஒரு படப்புத்தகத்துக்கு ஒரு பை. பைக்குள் அந்தப் புத்தகமும், கதையில் வருகிற ஆட்களும் விலங்குகளும் சாமான்களும் துணியில் செய்யப்பட்டு இருக்கும். கதைப்பை என்று பெயர். யாரும் அவனைக் கேட்கவில்லை. பள்ளியில் ஒருநாள் டீச்சர் கதை படித்தபோது ஜன்னலோரம் நின்று கேட்டானாம். பிள்ளைகள் படத்தில் இருந்த கழுதையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்களாம். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். இப்போது பன்னிரண்டு பைகள்.

நான் ஜீன்ஸ் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகத் தரம் பார்க்கிறவள். கோணல் தையல் ஒன்றுகூட என் மேசையைத் தாண்டிப் போனதில்லை. நான் கழித்துப் போட்ட கால்சட்டைகளின் கால்களை வெட்டி, அடியை மூடி, மேலே நாடா கோத்துத்தான் அவன் பை செய்கிறான். எதை நான் உதவாது என்று ஒதுக்கினேனோ அதன்மேல் இன்னும் நான்கு கோணல் தையல் போட்டு என்னிடமே காட்டுவான்.

"எப்படி இருக்கு அக்கா?"

"கால்சட்டையா இருந்தப்பவே இதைவிட நல்லாத்தான் இருந்துச்சு."

"பரவாயில்லையே, நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை வந்துருச்சே!"

எல்லாம் உள்ளங்கை அளவு. ஒட்டகமும் உள்ளங்கை அளவு, எறும்பும் உள்ளங்கை அளவு. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையைக் கேட்டிருக்கிறேன். இவன் பையில் கட்டெறும்பு வளர்ந்து கழுதையாகியிருந்தது. கேட்டால், "பிள்ளைங்க கையில பிடிக்கணும்ல? எறும்பை எறும்பளவுல தெச்சா முழுங்கிருவாங்க" என்கிறான். அது நியாயம்தான். அதனால் தையலைக் குறை சொன்னேன்.

இன்னொரு கூத்து. கழுதைக் கதையில் ஒரு கிழவர் வருகிறார். புத்தகம் முழுக்க அவர் திரும்பி நின்றுதான் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறார். ஷெத்லி தைத்த கிழவருக்கு முகமே கிடையாது. முன்னால் திருப்பினாலும் முதுகு, பின்னால் திருப்பினாலும் முதுகு.

"டேய், மூஞ்சி எங்கேடா?"

"படத்துல காட்டலையே அக்கா. நானா ஒண்ணை ஒட்டினா அது வேற ஆளாயிடாதா?"

பொம்மைகளுக்குள் அடைப்பதற்குக் கம்பளி ரோமம். அதை எங்கே எடுக்கிறான் என்பது வெகுநாள் எனக்குத் தெரியவில்லை. கோடையில் வீட்டு மெத்தைகளைப் பிரித்துக் கம்பளியை அலசிக் காய வைக்கும்போதுதான் தெரிந்தது. அவன் தலையணை மல்சூகா அப்பம் மாதிரித் தட்டையாக இருந்தது. பன்னிரண்டு பைகளுக்கும் தன் தலையணையிலிருந்து பிடிப்பிடியாக உருவியிருக்கிறான். கழுத்து வலிக்கிறது என்று மருந்துக்கடைக்கு நடந்தது வேறு கதை.

காபிக் கடையிலிருந்து டயர் ஒட்டுகிற ஹம்மாதி தினமும் ஒருமுறை கத்துவான். "ஷெத்லி! பொம்மைக்கு ஜட்டி தெச்சாச்சா?"

"தெச்சாச்சு. உன்னோடதுதான் பாக்கி. வந்து அளவு குடு!"

கடை முழுக்கச் சிரிக்கும். இவனும் சிரிப்பான். கையில் பொரித்த ரொட்டி, அதிலிருந்து எண்ணெய் ஒழுகித் தவளையின் தொப்பியில் விழும். எண்ணெய்க் கறையைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

வண்டியில் ஒழுங்காக இருப்பது உள்ளே மாட்டியிருக்கிற கண்ணாடி ஒன்றுதான். அதைத் தினமும் துடைப்பான். பின்னால் எந்தப் பிள்ளை எழுந்தாலும் அதில் பார்த்துவிடுவான். "உட்காரு, கண்ணாடி பாக்குது!" என்பான். கண்ணாடிக்கே கண் இருக்கிறது என்று பிள்ளைகள் நம்புகிறார்கள்.

பைகளை ஷெத்லி பள்ளிக்குக் கொடுத்தது ஒரே நிபந்தனையோடு. சனிக்கிழமை பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும், திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். தலைமை ஆசிரியை மேடம் வசீலா ஒத்துக்கொண்டார். ஆனால் எங்கள் ஊர் வீடுகளைப் பற்றி என்ன சொல்வது? ஒரு பையின் நிலா போன வீட்டிலேயே தங்கிவிட்டது. பிறகு அதன்மேல் டீ கிளாஸ் வைத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். கேட்டதற்கு, "இது எங்க பாட்டி காலத்து விரிப்பு" என்றாள் அந்தப் புண்ணியவதி. இன்னொரு பையில் வாளி தொலைந்தது. அதற்குப் பதிலாகத் தயிர் டப்பாவைப் போட்டு அனுப்பினார்கள்.

மேடம் வசீலா பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் ஒரு சாமான் தொலைஞ்சா அத்தோட சரி. பன்னிரண்டு பையும் கண்ணாடி அலமாரிக்குப் போயிரும். வர்றவங்க பார்க்க அழகா இருக்கும்ல?" அந்த அலமாரி தலைநகரிலிருந்து வந்தது. சாவி அவர் கழுத்தில் தொங்குகிறது. உள்ளே இதுவரை இருப்பது ஒரு கோப்பையும், பார்வையாளர்களோடு மேடம் நிற்கும் மூன்று புகைப்படங்களும்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து ஷெத்லி சாப்பிடவில்லை. "இன்னொரு அலமாரியா அக்கா?" என்று மட்டும் கேட்டான்.

எனக்குப் புரிந்தது. இரண்டாம் வகுப்பில் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காததற்கு அவனுக்கு ஒரு படப்புத்தகம் பரிசு கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் கதைப்புத்தகம். அழுக்காகிவிடும் என்று அட்டை போட்டு, துணி அலமாரியின் தலைமேல் வைத்தாகிவிட்டது. கேட்டு அழுவான். பெருநாள் அன்று இறக்கித் தூசி தட்டி மறுபடி ஏற்றுவோம். வைத்தவள் நான்தான். அட்டையின் மடிப்பு இன்றும் கலையவில்லை. உள்ளே என்ன கதை என்பது இருவருக்கும் தெரியாது.

அதற்கு மறுவாரம் கைக்குட்டை தேடி வண்டியின் முன்பெட்டியைத் திறந்தேன். உள்ளே இரண்டாவது காகம், இரண்டாவது கிணறு, இரண்டாவது தவளை.

"எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு எதுக்குடா? வெள்ளத்துல ஜோடி ஜோடியா ஏத்தின நூஹ் நபியோட கப்பலா ஓட்டுற?"

"இருக்கட்டுமே அக்கா. இடத்தையா அடைக்குது?"

இரண்டாவது கழுதையை எடுத்துப் பார்த்தேன். புத்தகத்துக் கழுதைக்கு வலது காது மடிந்திருக்கும். முதல் கழுதைக்கும் அப்படித்தான் தைத்திருந்தான். இதற்கு இடது காது. முதல் கழுதையை எதிரே உட்கார வைத்து, அதன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே தைத்திருக்கிறான். கண்ணாடியில் பார்த்ததுபோல் காது இடம் மாறிவிட்டது. "பிரிச்சுத் தை" என்றேன். "சரிக்கா" என்றான். அவனுடைய சரிக்கா எந்த லட்சணம் என்று எனக்குத் தெரியும்.

போன திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து மழை. எனக்கு அந்த வாரம் பிற்பகல் வேலை. திங்கட்கிழமைகளில் திரும்பி வரும் பைகளை எண்ணுவது நான்தான். ஷெத்லியின் எண்ணிக்கையை மேடம் நம்புவதில்லை, அதில் நான் அவர் பக்கம். பதினொரு பைகள் சரியாக இருந்தன. கடைசிப் பை கழுதைக் கதை. ஒலிவச் செக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து வருகிற ஐந்து வயது மெய்சா எடுத்துப் போனது.

மேடம் வசீலாவின் மேசையில் வெள்ளைத் தாள் விரித்து ஒவ்வொன்றாக வைத்தேன். முகமில்லாத கிழவர். கிணறு. காகம். ஒலிவ மூட்டை. கல். கழுதை.

கழுதைக்கு இடது காது மடிந்திருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். ஷெத்லி வாசலில் நனைந்துகொண்டு நின்றான். சாவி வளையத்தை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான்.

"ஆறு" என்றேன்.

மேடம் பேனாவை எடுத்தவர் வைத்துவிட்டார். "ஆறும் அதே ஆறுதானே? தப்பா நினைக்காதீங்க. தயிர் டப்பாவுக்கு அப்புறம் எனக்கு யார்மேலயும் நம்பிக்கை இல்ல. உங்க தொழிற்சாலைக் கண்ணால பார்த்துச் சொல்லுங்க. உங்க வார்த்தைதான்."

பத்தொன்பது வருடம். ஒரு கோணல் தையல்கூடத் தாண்டிப் போனதில்லை. கழுதையைத் தூக்கி மேடத்தின் மூக்குக்கு நேரே பிடித்தேன். இடது காதின் மேல் என் கட்டைவிரல் இருந்தது.

"மேடம், நாலு காலும் நாலு நீளம். வால் வயித்துல முளைச்சிருக்கு. இந்த லட்சணத்துல என் தம்பியைத் தவிர இந்த ஊர்ல வேற எவன் தைப்பான்?"

மேடம் வசீலா வாய்விட்டுச் சிரித்தார். "இவ்வளவு நல்ல அக்கா யாருக்குக் கிடைக்கும் ஷெத்லி!" என்று சொல்லிப் பைகளின் கணக்கு அட்டையில் சரி போட்டார். சனிக்கிழமை பைகள் போகும்.

வண்டியில் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். போகிற வழியில் என்னைத் தொழிற்சாலையில் இறக்கிவிடுவான்.

"காதைப் பிரிச்சுத் தைன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே அக்கா."

"கேட்டியா?"

"நல்லாக் கேட்டேன். கேட்டுட்டு மறந்துட்டேன்."

"கழுதை."

"எது அக்கா? வலது காதா, இடது காதா?"

பிள்ளைகள் ஈரக் காலணிகளோடு ஏறினார்கள். கதவைச் சாத்தினான். ஊசிகளைப் பிடுங்கிக் காலரில் செருகினான். வழக்கம்போலக் கண்ணாடியைப் பார்த்தான். நானும் அதில் பார்த்தேன்.

கடைசி இருக்கையில் மெய்சா தன் பள்ளி மேலங்கியின் பொத்தானைக் கழற்றி, உள்ளேயிருந்து எதையோ இழுத்தாள். கழுதை. வலது காது மடிந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் நசுங்கியிருந்தது, இரண்டு ராத்திரி யாரோ அதன்மேல் படுத்ததுபோல. ஜன்னலில் படிந்த ஆவியைக் கையால் துடைத்து, கழுதையின் மூக்கை அங்கே அழுத்தி வைத்து மழையைக் காட்டினாள். பிறகு திடுக்கிட்டு முன்னால் பார்த்தாள். ஷெத்லியின் கண்ணாடியை.

"வெயில் கண்ணைக் கூசுது அக்கா" என்றான் என் தம்பி. வைப்பர் சத்தத்தில் அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கையை உயர்த்தி, துருப்பிடித்த கூரை மட்டும் தெரியும்வரை அந்தக் கண்ணாடியை மேலே திருப்பி வைத்தான்.