கல் சூடேறிய பிறகு

பொன்னம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. மலாக்காவில், காஜா பெராங் அரவை மில்லுக்கு வந்து போகிறவர்கள் அதைச் சில வருஷமாகப் பார்த்து வருகிறார்கள். காலையில் மெஷினை ஓடவிட்டு ஒரு பிடி பச்சரிசியைப் போட்டு அரைப்பாள். மாவு கொட்டியதும் யாருடைய சாமானையும் வாங்கமாட்டாள். சும்மா நிற்பாள். கொஞ்ச நேரம் கழித்து, கல்லை மூடியிருக்கும் இரும்புத் தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். கை பொறுக்காத சூடு ஏறியதும் இன்னொரு பிடி அரிசியைப் போட்டு, விழுகிற மாவை அள்ளி மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வாள்.

"என்னக்கா, மாவை மோந்து பார்க்குறியா, குறி சொல்றியா?" என்று வரிசையில் யாராவது கேட்பார்கள். அவள் மாவைக் கீழே தட்டிவிட்டு முதல் ஆளின் சாமானுக்குக் கையை நீட்டுவாள்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது.

பொன்னம்மாவின் புருஷன் மருதமுத்து ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டினவர். துரைமார் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பியபோது இருவருக்கும் வேலை போயிற்று. மலாக்கா டவுனுக்கு வந்தார்கள். அவருக்குக் கிடைத்தபோது மூட்டை தூக்கும் வேலை. அவளுக்கு ஜாலான் பெண்டஹாரா மசாலைக் கடைகளுக்கு மிளகாய் இடித்துத் தருகிற வேலை. இடிக்கிற பெண்களுக்குக் கடைக்காரர் வைத்ததுதான் கூலி. ராத்திரி கை எரிச்சலில் மருதமுத்துதான் அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டுவார்.

அப்படி இடித்துக்கொண்டிருந்த பெண்கள் சேர்ந்துதான் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். தோட்டத்திலிருந்து வந்தவர்கள், முஸ்லிம் வியாபாரிகள் வீட்டுப் பெண்கள், தலைமுறைகளாக மலாய் பேசுகிற செட்டிக் கம்பத்து இந்துப் பெண்கள், இரண்டு மலாய்க்காரிகள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு கரெண்ட் மில். வருகிற வரும்படியில் முதல் பங்கு மெஷினுக்கு, மிச்சம் அவரவருக்கு. மில்லை ஓட்டப் பொன்னம்மாவை வைத்தார்கள். கணக்குப்பிள்ளை வேலை பார்த்த தேவதாஸ் சங்கத்துச் செயலாளர்.

ஆனால் மில் இன்னும் அவர்களுடையதாகவில்லை. கூட்டுறவு இலாகா அதைப் பரீட்சைக்கென்று கொடுத்திருந்தது. எல்லா இனத்தாரும் சேர்ந்து ஒழுங்காக நடத்துகிறார்கள் என்று கூட்டுறவு அதிகாரி நேரில் பார்த்துச் சொன்னால்தான் நிரந்தரம். இல்லாவிட்டால் மசாலைக் கடை சேதுராமன் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். அப்புறம் பொன்னம்மா பழையபடி உலக்கையைத் தூக்க வேண்டியதுதான்.

ஒரு கல்லில் இத்தனை வீட்டுச் சாமானும் அரைவதால் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். மதியம் வரை மிளகாய், மல்லி, மஞ்சள். மதியத்துக்குமேல் இறாலும் கருவாடும் கலந்த சாமான். கடைசியில் ஒரு பிடி அரிசி போட்டுக் கல்லைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் மில்லை மூடுவது.

அந்த வருஷம் ரமலான் நோன்பும் அம்மன் திருவிழாவும் ஒன்றாக வந்தன. ஒரு பக்கம் பெருநாளுக்கு மசாலை, இன்னொரு பக்கம் கோயில் அன்னதானத்துக்கு மசாலை. மில் ஓய்ந்து நிற்கவே இல்லை. அதிகாரி வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின சாயங்காலம், முஸ்லிம் வியாபாரி வீட்டு ஜமீலாவின் மிளகாயும் உலர்ந்த இறாலும் பாதி அரைந்துகொண்டிருக்கும்போது கரெண்ட் போயிற்று. நோன்பு திறக்கும் நேரம். ஜமீலா மிச்சத்தைச் சாக்கோடு தூக்கிக்கொண்டு ஓடினாள். காப்புக் கட்டியிருந்த பொன்னம்மா கோயில் பூசைக்கு ஓடினாள்.

மறுநாள் விடியற்காலையில் வந்ததும் முதலில் ஒரு பிடி அரிசிக்குப் பதில் நாலு பிடி போட்டாள். கடைசிப் பிடி வெள்ளையாகத்தான் கொட்டிற்று. மோந்தும் பார்த்தாள். ஒன்றுமில்லை.

அதிகாரி வந்தபோது கோயில் மிளகாய் பாதி அரைந்திருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட மலாய்க்காரர், எல்லாரும் மரியாதையாகத் துவான் என்று அழைத்தார்கள். கோயில் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்த சீதா முன்னால் நின்றாள். ஜமீலா தன் பெருநாள் மிளகாயோடு பின்னால் காத்திருந்தாள். தேவதாஸ் ஒவ்வொருவராகக் காட்டி, இவர் இந்த இனம், அவர் அந்த இனம் என்று சிரித்த முகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பொன்னம்மாவின் மூக்கில் ஏதோ தட்டியது. குனிந்தாள். மிளகாய் நெடிக்கு அடியில் இறால் வாடை. கல் குளிர்ந்திருந்தபோது இடுக்கில் ஒட்டிக்கிடந்தது, சூடேறியதும் இளகி இறங்குகிறது.

மெஷினை நிறுத்தினாள்.

தேவதாஸ் பக்கத்தில் வந்தார். "என்னம்மா? துவான் பார்த்துக்கிட்டிருக்காரு லா!"

"ஐயா, இறால் வாடை வருது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "வேற யாருக்கும் வரலையே. பேசாம ஓட்டு. துவான் போகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்."

உண்மைதான். வேறு யாருக்கும் தெரியவில்லை. சமையலில் விழுந்தால் இன்னும் தெரியாது. ஓட்டினால் மில் கிடைக்கும். அவள் தன் மணிக்கட்டிலிருந்த மஞ்சள் காப்பைப் பார்த்தாள். சீதாவின் கையிலும் அதே காப்பு. விசையில் வைத்த கையை எடுத்துவிட்டாள்.

"சீதாக்கா," என்றாள். "இந்தத் தூள் கோயிலுக்கு ஆகாது. கல்லுல இறால் கலந்துருக்கு."

சீதாவுக்கு உதடு துடித்தது. "வெறுந்தரையில படுத்து விரதம் இருக்கோம் நாங்க! இதைக் கொண்டுபோய் அம்மனுக்குப் படைச்சிருந்தா? அன்னைக்கே சொன்னேன், எல்லாருக்கும் ஒரே மில்லு ஒத்துவராதுன்னு. இறால் திங்கிறவங்களோட…"

"சும்மா இருங்கக்கா," என்று ஜமீலா முன்னால் வந்தாள். "காப்பு அவுத்த மறுநாளே எங்க வீட்டு இறால் சம்பலைக் கிண்ணத்தோட தூக்கிட்டுப் போறது யாராம்?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சீதாவின் முகம் இன்னும் சிவந்தது.

"என் சாமான்தான் அது," என்றாள் ஜமீலா. "கரெண்ட் போனப்ப கல்லுக்குள்ள கிடந்தது எனக்கும்தான் தெரியும். பொன்னம்மாக்காவை மட்டும் ஏசாதீங்க."

"அப்ப நாங்க விலகிக்கிறோம். எங்களுக்குத் தனி மில்லு வேணும்."

தனி மில் எங்கிருந்து வரும்? சீதா விலகினால் பாதிப் பேர் அவள் பின்னால் போவார்கள். தேவதாஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி என்ன தகராறு என்று மலாயில் கேட்டார்.

செட்டிக் கம்பத்துக் காமாட்சிப் பிள்ளைக்கு வீட்டிலும் வெளியிலும் மலாய்தான். அவளும் அதே அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தாள். மூலையில் சாக்கு மூடிக் கிடந்ததைக் காட்டி, "பத்து லாயின் அடா, கான்?" என்றாள். வேறு கல் இருக்கிறதே.

முதல் கல் தேய்ந்தால் மாட்டுவதற்கென்று வைத்திருந்த புதுக் கல் ஜோடி அது. ஆனால் கல் மாற்றுவது சீனப் பட்டறைக்காரர் வேலை. பெண்கள் யாரும் தொட்டதில்லை.

பொன்னம்மா ஸ்பேனரை எடுத்தாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், போகவில்லை. மரையைக் கழற்றிச் சுடுகல்லைச் சாக்கால் பிடித்து வெளியே இழுத்தாள். காமாட்சி மறுபக்கம் தாங்கினாள். தண்ணீர்கூடக் குடிக்காத ஜமீலா புதுக் கல்லின் ஒரு முனையைத் தூக்கினாள். காமாட்சி சுடுகல்லைத் தாங்கி நிற்க, பொன்னம்மா மெஷினின் உட்புறத்தைத் துடைத்துக்கொண்டிருக்க, இன்னொரு முனையைப் பிடிக்க ஆளில்லை. எல்லாரும் சீதாவைப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. கல் ஜமீலாவின் கையிலிருந்து வழுக்கியது. பொன்னம்மா கையை நீட்டித் தாங்கினாள். கட்டைவிரல் நசுங்கி ரத்தம் வந்தது.

"விடுடி, தள்ளு," என்று சீதா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து கல்லைப் பிடித்தாள்.

அரைத்த மிளகாயெல்லாம் வீணாகியிருந்தது. ஜமீலா தன் மூட்டையை அவிழ்த்தாள். "முழு மிளகா. கல்லே படாதது. எடுத்துக்கோங்க."

"கழுவிக் காயவச்சதா?"

"மோந்து பாருங்க."

சீதா நிஜமாகவே மோந்து பார்த்தாள். பிறகு மூட்டையை மில்லின் வாயருகே நகர்த்தினாள்.

புறப்படும்போது அதிகாரி சீதாவிடம் நேராகவே கேட்டார், இனி இந்த மில்லுக்கு வருவீர்களா என்று.

"ரெண்டு கல்லு இருந்தா வருவேன். ஒண்ணுன்னா வரமாட்டேன்," என்றாள் சீதா. தேவதாஸ் அதை மலாயில் சொன்னார். அதிகாரி தலையசைத்தார். பெருநாள் கழித்துப் பதில் வரும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பதில் வரும்வரை பொன்னம்மாவுக்குச் சரியாகத் தூக்கமில்லை. தேவதாஸ் அவளோடு பேசவில்லை. உலக்கையைக் கழுவித் துடைத்து மறுபடி கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தாள். கடைசியில் பதில் வந்தது. தினம் மதியம் கல்லை மாற்றுவதாக இருந்தால் மில் சங்கத்துக்கே.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகின்றன. மில் இன்றும் சங்கத்தின் கையில் இருக்கிறது. காலைக் கல்லில் மஞ்சள் பூசியிருக்கிறார்கள். மதியக் கல்லில் கிடையாது. சீதாவோடு வந்தவர்களில் சிலர் கோயில் மசாலையை இன்னும் வீட்டு அம்மியில்தான் அரைக்கிறார்கள். சீதா மில்லுக்கு வருகிறாள். சேதுராமன் தன் கடைக்குத் தூளை இங்கேதான் வாங்குகிறார். மருதமுத்துவுக்கு இன்னும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. பொன்னம்மாவின் கட்டைவிரல் நகம் கோணலாக முளைத்திருக்கிறது. அவள் மில் சம்பளத்தில் வீடு நடக்கிறது.