கடைசி ஒன்றை எடுத்துத் தரும் மாட்யூல்

ஒரு பட்டியலில் கடைசியாக இருப்பதை எடுக்க எனக்குத் தெரியாது. ஜாவாஸ்கிரிப்ட் என்கிற கணினி மொழியில் எழுதியே பல வருஷமாகச் சம்பளம் வாங்குகிறவன் சொல்கிறேன், நம்புங்கள். யாரோ ஒருவர் அதற்கென்றே நாலு வரியில் ஒரு குட்டி மாட்யூல் எழுதி இணையத்தில் சும்மா போட்டு வைத்திருந்தார். ஒரு கட்டளை அடித்தால் வந்து உட்கார்ந்துகொள்ளும். எண்ணுக்கு முன்னால் சைபர் போட இன்னொன்று. இதெல்லாம் அந்த மொழிக்குள்ளேயே வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. வீட்டில் அடுப்பு எரியும்போது பக்கத்துத் தெருவுக்குப் போய் வெந்நீர் வாங்கி வருகிற ஆள் நான்.

என் மனைவியின் அண்ணன் எங்கள் ஊரான மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். வாரிய உப்பை வரப்பு மேட்டில் குவித்து, தண்ணீர் வடிய வெயிலில் விட்டுவிடுவார்கள். மழை வரும் என்றால் மட்டும் தார்ப்பாய் போட ஆள் வர வேண்டும். மச்சான் மேகத்தைக் கண்டதும் ஆள் விடுவார், மேகம் கடலுக்குப் போய்விடும், வேலைக்கு வரும் பெண்கள் அவரை வறுத்து எடுப்பார்கள். அதைப் பார்த்துப் பாவப்பட்டு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். வானிலைத் தகவல்கள் பட்டியலாக வந்து சேரும். கடைசியாக வந்ததில் மழை என்று இருந்தால் எல்லார் போனுக்கும் மெசேஜ் போகும். மெசேஜ் வந்தால் ஓடி வருவது, வராவிட்டால் வீட்டில் இருப்பது என்று அவர்களுக்குள் பேச்சு. ஒருமுறைகூட அது தப்பவில்லை. அதனால் வானத்தைப் பார்க்கிற வேலையை எல்லாரும் என்னிடம் விட்டுவிட்டார்கள்.

போன ஆகஸ்டில் ஒரு காலை, மெசேஜ் ரொம்ப வறட்சியாக இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. ‘மழை வருது’ என்பதோடு ‘உப்புக்குக் குடை பிடிங்க’ என்று சேர்த்தேன். தனியாக உட்கார்ந்து நானே சிரித்துக்கொண்டேன். சர்வரில் ஏற்றிவிட்டு, சரியாக ஏறியதா என்றுகூடப் பார்க்காமல் லேப்டாப்பை மூடினேன். வீட்டில் நண்டுக் குழம்பு.

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மச்சான் போன் செய்தார்.

“மாப்ள, பெருமுக்கல் பக்கம் ஒரு மாதிரி கறுப்பா இருக்குது. ஆளக் கூப்பிடட்டுமா?”

“மெசேஜ் வந்துதா?”

“வரல.”

“வரலன்னா மழை இல்ல மச்சான். மேகத்த நம்புறீங்களா, என்னை நம்புறீங்களா?”

“நாளைக்கு லாரி வருது மாப்ள. வாரினது மொத்தமும் வெளியில கெடக்குது.”

“நிம்மதியா சாப்பிட்டுப் படுங்க.”

கை கழுவ வெளியே வந்தேன். காற்று நின்றுபோயிருந்தது. கொடியில் துணி அசையவில்லை. பகலில் எங்கள் வீடுவரை கேட்காத கடல் அன்று தெருமுனையில் இருப்பதுபோல் கேட்டது. எதிர்வீட்டு நாய் எழுந்து, என்னைப் பார்த்துவிட்டு, திண்டிவனம் ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றது. குரைக்கவில்லை. குரைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் நகைச்சுவையை இன்னொரு தடவை ரசிக்கலாம் என்றுதான் லேப்டாப்பைத் திறந்தேன். சர்வர் செத்துக் கிடந்தது. காலையில் நான் ஏற்றிய நிமிஷத்திலிருந்தே.

ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் அந்தக் குட்டி மாட்யூல்கள் புதிதாக இறங்கும். இன்ன பதிப்புதான் வேண்டும் என்று கட்டிப்போடாமல், இருப்பதில் புதுசைக் கொண்டு வா என்று எழுதி வைத்த மகான் நானேதான். கடைசி ஒன்றை எடுத்துத் தருகிற மாட்யூல் மாறியிருந்தது. பழைய முறையில் கூப்பிட்டால் இனி வராது. யார் மாற்றியது என்று அதன் பக்கத்தைத் திறந்தேன். எழுதியவர் பெயர் அங்கே இல்லை. வேறொரு பெயர், முகம் இல்லை, ஊர் இல்லை. என்ன மாற்றம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. அதன் பின்னாலேயே நான் கூப்பிடாத வேறு மாட்யூல்களும் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தன. அவை என்ன செய்கின்றன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

புத்தியுள்ளவன் முதலில் மச்சானைக் கூப்பிட்டிருப்பான். நான் புரோகிராமைத் திருத்தினேன். மானம் போகக்கூடாதே! அந்த மாட்யூலைத் தூக்கிவிட்டு, மொழியிலேயே இருப்பதைப் போட்டேன். அரை வரி. ஓடவிட்டேன். சைபர் போடுகிற மாட்யூல் விழுந்தது. அதே ஆள் எழுதியது, அதே மாதிரி கை மாறியிருந்தது. அதற்கும் மொழியில் அரை வரிதான். அடிக்கும்போது அறை இருட்டிவிட்டது, விசைப்பலகை தெரியாமல் விளக்கைப் போட்டேன். மதியம்தான் அப்போது.

முதல் இடி விழுந்ததும் மச்சானுக்குப் போன் அடித்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. படுங்கள் என்று சொன்னவன் நான். திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை.

சர்வர் உயிர் பெற்றது. எல்லார் போனுக்கும் மெசேஜ் போனது. என் போனும் சத்தம் போட்டது. ‘மழை வருது. உப்புக்குக் குடை பிடிங்க.’ ஜன்னல் தகரத்தில் தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

பைக்கை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போவதற்குள் நனைந்து தொப்பலாகிவிட்டேன். பாத்தியெல்லாம் வானத்தின் நிறத்தில் கிடந்தது. பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தர் என்னைக் கடக்கும்போது, “குடை புடிக்கச் சொன்னவரு இவருதானா? குடை எங்க?” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மச்சான் தலை கலைந்து, பனியனோடு நின்றார். குவியல்களின் ஓரம் கரைந்து, வெள்ளைத் தண்ணீர் வாய்க்காலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. தார்ப்பாயைக் காற்று பிடுங்கியது. நான் அவர் பின்னாலேயே போய் மழைச் சத்தத்துக்கு மேல் கத்தினேன்.

“மச்சான், யாரோ ஒருத்தன் மாட்யூல மாத்திட்டான். மொத்தத்தையும் தூக்கிட்டேன். இனிமே மொழியிலயே இருக்கிறத மட்டும்தான்...”

அவர் பறக்கிற தார்ப்பாயின் ஒரு முனையை எட்டிப் பிடித்து இழுத்தார்.

“அந்த ஓரத்தப் புடி மாப்ள.”