மேலேர்ந்து இன்னா தெரிஞ்சுது?

திருத்தணி மலை மேல் தேவஸ்தான ஆபீசில் தபாலைக் கொடுத்துவிட்டு நின்றபோதுதான் அதைப் பார்த்தேன். கீழே எங்கள் தபால் ஆபீசின் ஓட்டுக் கூரைக்கு முன்னால் ஒரே கூட்டம். மணியார்டர் வரவில்லை என்று எவனோ சண்டைக்கு வந்திருக்கிறான் போலும், போய் அவனை ஒரு கை பார்க்கலாம் என்று கறுவிக்கொண்டே படி இறங்கினேன். பாதி வழியில், மூச்சு வாங்க ஏறி வந்த பூக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோவிந்து, நிதானமா எறங்கு. உங்க குமாஸ்தா ஐயா பூட்டாருப்பா. ஸ்டாம்பு கிழிச்சுக் குடுத்துகினே இருந்தாரு, அப்படியே மேஜை மேல சாஞ்சுட்டாரு" என்றார்.

நான் நிதானமாக இறங்கவில்லை. மிச்சப் படிகளை எப்படித் தாண்டினேன் என்று எனக்கே தெரியாது. முழங்கால் சிராய்த்திருந்ததைச் சாயங்காலம்தான் கவனித்தேன்.

முனிரத்தினம் அவர்கள் எங்கள் ஆபீசில் பதினேழு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். நான் அங்கே தபால்காரன். அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய கம்பு தரையில் தட்டும் சத்தமே போதும், நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று வயதில் வந்த காய்ச்சலில் அவருடைய வலது கால் சூம்பிப் போயிற்று. ஊரெல்லாம் வந்து ஏறிவிட்டுப் போகும் மலையின் அடிவாரத்தில் பிறந்து, அங்கேயே வேலை பார்த்து, அந்த மலையில் ஏறாமலே வாழ்ந்தார். கைக்குழந்தையாக இருந்தபோது மொட்டை போடத் தூக்கிப் போனார்களாம். "எங்க நைனா தோள்ல போனேனாம் கோவிந்து. போற வழியெல்லாம் அழுதுகினே, கண்ணையே தொறக்கலையாம். அறிவு கெட்டவன்" என்று தன்னையே திட்டிக்கொள்வார்.

நானோ அந்த மலையில் தினம் ஏறுகிறவன். முந்நூற்று அறுபத்தைந்து படி, வெயிலோ மழையோ, தோளில் பையோடு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரில் சொல்வார்கள். அதில் பாதிக் கோபம் அந்தப் படிகள் கொடுத்தது. ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றி அவருடைய முக்காலிக்கு அடியில் விட்டுவிட்டுப் போவேன். திரும்பி வந்து செருப்பை மாட்டும்போது தினமும் ஒரே கேள்வி வரும்.

"இன்னா கோவிந்து, இன்னிக்கு மேலேர்ந்து இன்னா தெரிஞ்சுது?"

"இன்னா தெரியும்? நேத்து தெரிஞ்சதுதான் தெரிஞ்சுது" என்பேன். சிரித்துக்கொண்டே ஸ்டாம்புக்குத் தண்ணீர் தொட்டுக்கொள்வார். மறுநாளும் கேட்பார். எனக்கு மனசு நன்றாக இருக்கும் நாளில், நந்தியாற்றில் தண்ணீர் ஓடுகிறது, அரக்கோணம் பக்கம் புகை தெரிந்தது என்று ஏதாவது சொல்வேன். அன்றைக்கெல்லாம் அவருக்கு முகம் மலர்ந்திருக்கும். இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்.

உலகச் சண்டை நடந்த வருஷங்களில் ஒரு நாள், பழைய பஜாரில் இருந்த ஒரு அம்மாளுக்கு, பட்டாளத்தில் இருந்த அவருடைய மகன் படம் போட்ட கார்டு ஒன்று அனுப்பியிருந்தான். படத்தில் ஊட்டி மலை ரயில். சின்னத் தண்டவாளம், சின்னப் பெட்டிகள், பக்கத்தில் அதலபாதாளம். முனிரத்தினம் அவர்கள் அதைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை.

"அடுத்தவங்க கார்டைப் படிக்கலாமா சார்?"

"படிக்கலை கோவிந்து, பார்க்கறேன். இது ரெண்டாவது டெலிவரிக்குத்தானே? அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

அன்றிலிருந்து அவருக்குப் பித்துப் பிடித்தது. பட்டாளத்துக்காரர்கள் லீவில் வந்தால் பிடித்து வைத்து விசாரிப்பார். நடுவில் பல் வைத்த தண்டவாளம் ஒன்று இருக்கிறதாம், என்ஜின் அதைக் கடித்துக்கொண்டே ஏறுகிறதாம், பின்னாலிருந்து தள்ளுகிறதாம். "கால் இல்லேன்னா இன்னா, பல்லு இருந்தா ஏறலாம்!" என்று அவர் சொல்லிச் சிரித்ததை ஆபீசில் அனைவரும் அறிவோம். "பின்னாலேர்ந்து தள்ளுதாம் கோவிந்து, நம்ம ராஜம்மா மாதிரி." ராஜம்மாள் அவருடைய மனைவி. அந்த அம்மாளும் இதைக் கேட்டுச் சிரித்தவர்தான்.

ஒரு முறை நான் கேட்டேன்: "சாமியைப் பார்க்கணும்னா நம்ம மலைக்கு டோலி இருக்குதே சார். நாலு பேர் தூக்கிகினு போய் விட்டுடுவாங்களே."

"நாலு பேர் தோள்ல போறது ஒரு தடவைதான் கோவிந்து. அதை இப்பவே செலவு பண்ணிட்டா அப்புறம்?" என்றார். பிறகு, "சாமி கீழயும் இருக்காரு. எனக்கு வோண்டியது உசரம். எந்த ஊராவது இருக்கட்டும், ஒரு தடவை மேலேர்ந்து பார்த்துடணும்" என்றார்.

எங்கள் சம்பளத்தில் ஊட்டி என்பது வெள்ளைக்காரர் சமாசாரம். அவர் விடவில்லை. திட்டத்தை எழுதி வைக்கக்கூட சர்க்கார் காகிதத்தைத் தொடமாட்டார். பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். மூன்றாம் வகுப்பு. மேட்டுப்பாளையத்தில் சத்திரத்தில் குளியல். சாப்பாட்டுக்கு ராஜம்மாளின் புளிச்சோறு. ஊட்டி வரைக்கும் டிக்கெட் வேண்டாம், குன்னூர் போதும்.

"ஏன் சார், அவ்வளவு தூரம் போய்ட்டு ஊட்டியைப் பார்க்காம வர்றதா?"

"பல்லு குன்னூரோட முடிஞ்சுடுது. அதுக்கு மேல சொம்மா ரயில். சொம்மா ரயில் நம்ம அரக்கோணத்துலயே இருக்குது."

காசு சேர்க்க அவர் சாயங்காலக் காபியை விட்டார். கூடப் போகிற என்னை வெற்றிலையை விடச் சொன்னார். நானும் விட்டேன், அவர் கண் எதிரில் மட்டும். வாய் சிவந்திருந்ததை அவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சண்டை முடிந்து, எங்களுக்கு லீவு கிடைக்கும் மாசம் எது என்று யோசித்தோம். ஆடியில் காவடிக் கூட்டம், ஆபீசை விட்டு நகர முடியாது. சித்திரை, வைகாசியில் மலை ரயிலில் இடமே கிடைக்காதாம். ஐப்பசி என்று முடிவு செய்தோம். கூட்டம் இருக்காது, சத்திரத்திலும் சுலபமாக இடம் கிடைக்கும். மழை பெய்யுமே என்று ராஜம்மாள் கேட்டதற்கு நாங்கள் இருவருமே சிரித்தோம். எங்கள் மலை கல் மலை. மழை பெய்தால் கழுவி விட்டாற்போல் பளபளக்கும், அவ்வளவுதான். மலை என்றால் அப்படித்தான் என்று இருந்தோம். மழையில் மலையே சரிந்து விழும் என்று எங்கள் ஊர்க்காரனுக்கு யார் சொன்னார்கள்?

ராஜம்மாளும் நாங்கள் இருவரும் மேட்டுப்பாளையத்தில் காலையில் இறங்கினோம். மலை ரயில் நின்றுகொண்டிருந்தது, ஆனால் நின்றுகொண்டேதான் இருந்தது. மேலே மண் சரிந்து பாதையை மூடிவிட்டதாம். எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் லீவோ இரண்டு நாளில் முடிகிறது.

எனக்கு வந்ததே கோபம்! "நம்ம ஊர்லயே டோலியில ஏறி இருந்தா இந்த வம்பு உண்டா? ரயிலாம் ரயிலு!" என்று பிளாட்பாரத்தில் பத்துப் பேர் பார்க்கக் கத்தினேன். அவர் கம்பை ஊன்றிக்கொண்டு போய், அங்கிருந்த ரயில்வே சிப்பந்தியிடம் ஏதோ கேட்டார். அந்தப் புண்ணியவான் தலையாட்டினான். முனிரத்தினம் அவர்கள் நிற்கும் ரயிலில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். நாங்களும் ஏறினோம். ராஜம்மாள் புளிச்சோற்றைப் பிரித்தார். வெளியே மழை கொட்டிற்று. மூவரும் நகராத ரயிலில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

சாப்பிட்டு முடித்து, ஜன்னலைத் துண்டால் துடைத்துவிட்டு, அவர் என் பக்கம் திரும்பினார். "கோவிந்து, நீ தினம் ஏறுறவன். உனக்குத் தெரியும். இப்ப குன்னூர் வந்துட்டோம்னு வெச்சுக்கோ. மேலேர்ந்து இன்னா தெரியுது, சொல்லு."

"மழைதான் தெரியுது" என்றேன். வெடுக்கென்று சொன்னேன்.

அவர் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். அந்தப் பிடரியை நான் மறக்க முடியாது. இரண்டு வார்த்தை, மேகம் காலுக்குக் கீழே போகிறது சார் என்று ஒரு பொய், சொல்லியிருந்தால் என் நாக்கு அழுகிப் போயிருக்குமா?

ஊர் திரும்பியதும் ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். அவர் அப்போதும் செருப்புக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தார். தை மாசம் மறுபடி போகலாம் என்றார். "தையில எனக்கு அறுப்பு இருக்குது சார்" என்றேன். திருவாலங்காட்டில் என் மனைவி வழியில் கொஞ்சம் நிலம் உண்டு. "ஆங், அறுப்பை விட முடியுமா? மாசிக் கடைசின்னு வெச்சுக்குவோம். மலை எங்க ஓடிடப் போவுது?" என்றார். என் எழுத்து கோழி கிளறினாற்போல் இருக்கும் என்று எனக்கும் சேர்த்து லீவு லெட்டரை அவரே எழுதினார். இருவருக்கும் லீவு கிடைத்தது. அவர் போனது மாசி பிறந்து ஒன்பதாம் நாள். மலை ஓடவில்லை. அவர்தான் ஓடிவிட்டார். அந்த அறுப்பில் வந்த நெல்லைச் சாப்பிட எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

அவருக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் மகன் அரக்கோணத்திலிருந்து வந்து தீச்சட்டி எடுத்தான். "தம்பி, நீங்க ஒரு தோள் குடுங்க, அவரு சந்தோசப்படுவாரு" என்று ராஜம்மாள் என்னிடம் சொன்னார். சொல்லாவிட்டாலும் கொடுத்திருப்பேன்.

சுடுகாட்டுக்குப் போகும் வழியில், பாதி தூரத்தில் பாடையைத் தரையில் இறக்கித் தலை மாற்றி வைப்பது வழக்கம். நாங்கள் இறக்கிய இடத்தில் மலை எதிரே நின்றது. மற்றவர்கள் தண்ணீர் குடிக்க ஒதுங்கினார்கள். நான் அவர் காதருகே குனிந்தேன். யார் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும் என்று பேசினேன்.

"சார், இன்னிக்கு நீங்க கேக்கவே இல்லையே. நானே சொல்றேன். நந்தியாத்துல தண்ணி இல்ல, வெறும் மணல். வடக்கே ஒரு கூட்ஸ் வண்டி எறும்பாட்டம் ஊர்ந்துகினு போச்சு. உங்க வீட்டுக் கொல்லை தெரிஞ்சுது சார். குளிருக்கு எடுத்துப் போறதுக்குன்னு அம்மா உங்க கம்பளியை வெயில்ல காயப் போட்டிருந்தாங்க. அப்புறம் நம்ம ஆபீஸ் தெரிஞ்சுது. முன்னால கூட்டம். எவனுக்கோ இன்னாவோன்னு நெனச்சேன் சார். உங்களுக்குன்னு நெனைக்கலையே."

 பூக்கடைக்காரர் வந்து என்னை எழுப்பினார். நால்வரும் குனிந்து தூக்கினோம்.

ஒரு தடவைதான் என்று சொன்னீர்களே, அந்த ஒரு தடவையில் முன்பக்கத்து வலது தோள் என்னுடையது சார். உங்களுக்கு வேண்டியது உயரம். என்னால் கொடுக்க முடிந்தது என் தோள் அளவு உயரம்தான். மன்னித்துவிடுங்கள்.