ஈரம் குடித்த வடிதாள்

கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்த அந்தச் சிறிய தராசையும், அதன் தட்டில் கிடந்த வட்டமான வடிதாளையும் இப்போது நினைத்தாலும் எனக்கு அலுப்புத்தான் வருகிறது. பெற்றோல் இயந்திரத்தின் புகையை அரை மணி நேரம் அந்தத் தாளினூடாக இழுத்திருந்தோம். வெள்ளைத் தாள் சாம்பல் நிறமாகியிருந்தது. ஆனால் நிறுத்துப் பார்த்தபோது, புகை படுவதற்கு முன்பு இருந்ததைவிட அதன் எடை குறைந்திருந்தது. என்னோடு அளவெடுத்த மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"கரி ஏறின தாள் எப்பிடி பாஸ் பாரம் குறையும்?" என்று கேட்டார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு வேலைத்தளத்தில் நான் இயந்திரம் பூட்டுபவன்; என்னைப் போன்ற தொழில்காரரை எங்கள் பக்கம் 'பாஸ்' என்பார்கள். வீடு லிங்கநகரில். மிஸ் இரசாயனம் படித்தவர், நிலாவெளியிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வேலைத்தளத்தின் களஞ்சியத்துக்குள் மூட்டை ஏற்றி இறக்கிய வண்டிகள் பெற்றோலில் ஓடின. காற்றுப் போக வழியில்லாத அந்தக் கட்டடத்தில் வேலை செய்தவர்கள் இருமினார்கள், கறுப்பாகத் துப்பினார்கள். முறைப்பாடு மேலிடம் வரை போனது. "பெற்றோலில என்ன புகை? டீசல் எண்டாலும் சொல்லலாம்" என்று சிரித்த மேலாளர், அளந்து காட்டும்படி எங்கள் இருவரையும் விட்டார். வண்டியொன்றின் இயந்திரத்தைக் கழற்றி இரும்புச் சட்டத்தில் பூட்டி ஓட்டுவது என் வேலை. தாளை நிறுப்பது மிஸ்ஸின் வேலை. முதல் வாரத்து அளவுகளில் கரி இருப்பதாகவே தெரியவில்லை. மேலாளர் மகிழ்ந்துபோய் அதை உடனே கொழும்புக்கு அனுப்பிவிட்டார். இயந்திரத்தை ஓட்டியவன் என்று கீழே என் கையெழுத்தும் இருந்தது. அதற்குப் பிறகுதான் அந்தத் தாள் எடை குறைந்து கிடந்தது.

காரணம் பிடிபட நாட்கள் போயின. கடற்காற்றில் தாள் ஈரத்தைக் குடித்திருந்தது. சூடான புகை அந்த ஈரத்தை உலர்த்தியபோது போன நீரின் எடை வந்த கரியின் எடையை மறைத்துவிட்டது. மிஸ் தாள்களை ஈரம் உறிஞ்சும் நீல மணிகளோடு மூடிய போத்தலில் ஒரு முழு நாள் வைத்து, அதன் பிறகே நிறுத்தார். புகை படாத தாளொன்றையும் ஒவ்வொரு முறையும் சேர்த்து நிறுத்தார். குளிர்ந்திருந்த இயந்திரம் கூடுதலாகக் கரி கக்கியது. குழாயின் உள்ளே முதல் நாள் ஒட்டிய கரி அடுத்த நாள் கழன்று வந்தது. எனவே இயந்திரத்தை ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்து, குழாயைத் துடைத்து, ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தோம். வியர்வையும் பெற்றோல் வாடையும் சோற்றுப் பார்சல் வரை ஒட்டிக்கொண்டன. "இன்னொருக்கா ஓட்டுவம் பாஸ்" என்ற குரலைக் கேட்டாலே எனக்குத் தோள் வலிக்கும். கடைசியில் அளவுகள் ஒன்றோடொன்று ஒத்து வந்தன. கரி இருந்தது. அதுவும் நிறையவே.

மிஸ் புதிய அளவுகளை எழுதிய தாளை மேலாளரிடம் கொண்டுபோனார். நானும் கூட நின்றேன்.

"முந்தின கணக்கு கொழும்புக்குப் போயிட்டுது மிஸ். இனி அதைப் பிழையெண்டு சொல்ல ஏலாது."

"பிழை எண்டா பிழைதானே சேர். அதை நம்பி அந்தச் சனத்தை உள்ளுக்கு விட்டுக்கொண்டிருக்கிறம்."

மேலாளர் என்னைப் பார்த்தார். "நீரும் பிழையெண்டு எழுதித் தாறீரோ? நீர்தானே இயந்திரத்தை ஓட்டினது?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மனைவிக்கு அது எட்டாம் மாதம். இடமாற்றம் வந்தால் என்ன செய்வது என்று அன்று முழுவதும் குழம்பினேன். மறுநாள் காலை எழுதிக் கொடுக்கும் முடிவோடுதான் போனேன். ஆனால் மிஸ் எனக்கு முன்பே எழுதிவிட்டிருந்தார்: முதல் அளவுகள் நம்பத்தகாதவை, தவறு முழுவதும் தாளை நிறுத்தவருடையது, இயந்திரத்தை ஓட்டியவருக்கு அதில் பங்கில்லை. நான் எழுத ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. மனதில் முதலில் வந்தது ஆறுதல்தான். வெட்கம் வரச் சற்று நேரம் எடுத்தது.

இரண்டு மாதத்தில் அவரை மலைநாட்டுப் பக்கம் மாற்றினார்கள். அடுத்த மழைக்கு முன்பு களஞ்சியச் சுவரில் பெரிய காற்றுவழிகள் வெட்டப்பட்டன. எதனால் என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே இருமல் குறைந்தது.

ஐந்தாறு வருடம் கழித்து ஒரு நாள் மத்தியானம் பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. ஊருக்கு லீவில் வந்தனான் என்றார். இத்தனை காலம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அண்டைக்கு நான் உடனே எழுதித் தந்திருக்க வேணும் மிஸ். ஒரு நாள் யோசிச்சுப் போட்டன்."

அவர் பையைக் கை மாற்றிக்கொண்டார்.

"நீங்கள் ஒரு நாள்தான் யோசிச்சனீங்கள் பாஸ். முதல் கணக்கு போகேக்கையே எனக்குச் சந்தேகம். புகை காட்டாத தாளும் மழை நாளில பாரம் கூடினதைக் கண்டனான். புதுக் கணக்கு வருமட்டும் மூண்டு கிழமை, இருவத்தொரு நாள், மேலாளரிட்ட வாயைத் திறக்கேல்லை. அந்த மூண்டு கிழமையும் அந்தச் சனம் களஞ்சியத்துக்குள்ள நிண்டு மூட்டை தூக்கினது."

நிலாவெளி பஸ் வந்தது. நெரிசலில் அவர் ஏறியதை மட்டும் கண்டேன். எந்த இருக்கையில் இருந்தார் என்று தெரியவில்லை. இன்று எனக்கும் ஓய்வு கிடைத்து வருடங்களாகிவிட்டன. அந்தக் களஞ்சியத்தில் வேலை செய்த ஒருவர் வீதியில் இருமினால், நான் இன்னமும் நின்று திரும்பிப் பார்க்கிறேன்.