நாலாவது ஆளுக்கு சப்போர்ட் இல்லை

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூரு போகும் ரயிலில் நடந்தது இது. நான் பெங்களூருவில் ஒரு கார்மென்ட்ஸில் தையல் வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் எங்கள் ஊரில் ஆண்டர்சன்பேட்டைப் பகுதியில் ஆட்டோ ஓட்டுகிறார்.

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. பொழுது சாய்ந்தால் எதிரே வருவது ஆளா மாடா என்று தெரியாது. ஒருமுறை ஆட்டோவைக் கொண்டுபோய் பாலத்துச் சுவரில் மோதினார். நல்லவேளை, உள்ளே சவாரி இல்லை. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார்கள். ஆனால் நாங்கள் காட்டிய ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் ஜன்னலை மூடிவிட்டார்கள். இனி எல்லாம் வெப்சைட்டில்தானாம். திங்கட்கிழமை காலையில் திறக்கும், கொஞ்ச நேரத்தில் தேதி எல்லாம் தீர்ந்துவிடும்.

என் போனில் திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம். கீழே ஒரு வரி: உங்கள் பிரவுசர் பழையது, அப்டேட் செய்யவும். அதை அழுத்தினால், இந்தப் போனுக்கு இனி அப்டேட் கிடையாது என்று வரும். நேரில் போய்க் கேட்டால், ஆன்லைனில் போடுங்கம்மா என்று முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார்கள். அன்றும் ரயிலில் அதே வெள்ளைப் பக்கம்தான். பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டினேன்.

என் பக்கத்தில் லேப்டாப் பையோடு எங்கள் ஊர் இளைஞன் ஒருவன். எங்கள் ரயிலில் மூன்று பேர் சீட்டில் நான்கு பேர் உட்காருவது வழக்கம். இவனும் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறி, "சொல்ப அட்ஜஸ்ட் மாடி அக்கா" என்று கன்னடத்தில் கொஞ்சம் நகரச் சொல்லிச் சிரித்தபடி வந்து, நாங்கள் நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்தவன்தான். வெப்சைட் செய்யும் கம்பெனியில் வேலையாம். என் போனை வாங்கிப் பார்த்தான்.

"இது பழசு அக்கா. இந்த மாதிரி பிரவுசர்ல வர்றவங்க ரொம்ப கம்மி. அவங்களுக்காகத் தனியா வேலை செஞ்சா கட்டுப்படி ஆகாது. எங்க ஆபீஸ்லயும் போன மாசம் சப்போர்ட்ட நிறுத்திட்டோம். புதுப் போன் ஒண்ணு வாங்கிடுங்களேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"எழுந்திரு" என்றேன்.

"இன்னா அக்கா?"

"இந்த சீட்டு மூணு பேருக்குத்தான் செஞ்சது. நாலாவது ஆளுக்கு சப்போர்ட் இல்ல. எழுந்திருப்பா."

எதிரே ரம்மி ஆடிக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "போப்பா, ஏசி கோச்சுக்கு அப்டேட் ஆயிக்கினு வா" என்றார் ஒருவர். விளையாட்டு என்று நினைத்து அவனும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எழுந்து நின்றான். பங்காரப்பேட்டையில் ஏறிய கூட்டம் அவனை நசுக்கியது.

மாலூர் தாண்டியதும் நின்றபடியே சொன்னான்: "அந்தப் பேஜுக்குப் பேரு, நம்பர், தேதி, அவ்ளோதான் அக்கா வேணும். அது எந்தப் போன்லயும் வரும். மேல ஓடற படம், அலங்காரம், அதாலதான் உங்க போன்ல தொறக்கல."

"அப்போ தெரிஞ்சேதான் பண்றீங்களா?"

அவன் தன் போனில் ஆஸ்பத்திரிப் பக்கத்தைத் திறந்து தேடிப் பார்த்தான். தேதிகள் தீர்ந்திருந்தன. அடுத்த திங்கட்கிழமை ரயில் ஏறியதும் போனும் கையுமாக நின்று, அவனே ஒரு தேதி பிடித்துக் கொடுத்தான்.

ஒரு கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது. இருட்டிய பிறகும் வீட்டுக்காரர் இப்போது சவாரி போகிறார். அதற்கு நன்றி அந்தப் பையனுக்கு மட்டும்தான். அவன் என் பக்கத்தில் உட்காராமல் போயிருந்தால் என்ன கதி? சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து, பூதிகோட்டையிலிருந்தும் பேத்தமங்களாவிலிருந்தும் வருகிறவர்கள் யாருடைய போனைக் கேட்பார்கள்? அவர்கள் ரொம்பக் கம்மியாம். கதவைச் சாத்திவிட்டு, உள்ளே வந்தவர்களை மட்டும் எண்ணினால் கம்மியாகத்தான் இருக்கும்.

அந்தப் பையன் தன் ஆபீஸில் சண்டை போட்டு, பழைய போன்களுக்காகப் படமில்லாத சாதாரணப் பக்கம் ஒன்றை வைக்கச் செய்துவிட்டதாகச் சொன்னான். ஆனால் வேறு கம்பெனி செய்த ஆஸ்பத்திரிப் பக்கம் என் போனில் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. இன்னொரு கண் பாக்கி.

அவன் இப்போதும் கோரமண்டலில் ஏறுகிறான், நாங்கள் நகர்ந்து உட்காருகிறோம். இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு அந்த ரயிலில் யாரும் நகர்வதில்லை. நகர்ந்த பிறகுதான் இடம் வருகிறது.